கிராஞ்சிக்கு மறுபடி வா, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கிராஞ்சிக் கரையில் நம்மோடு குப்பை பொறுக்கிவிட்டுப் போய் நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். "அக்கா, காலையெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கினோம். அடுத்த கடல் ஏற்றத்துல அவ்வளவும் திரும்பி வந்துடும். எதுக்கு இது? காட்டு நடைன்னா கூப்பிடுங்க, வரேன். இதுக்கு வேணாம்" என்று எழுதியிருந்தாய். வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. அதனால் கடிதமாகவே எழுதி இங்கே போடுகிறேன். உன்னைப் போல சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்த வேறு யாராவது படித்தாலும் நல்லதுதானே.

குப்பை திரும்பி வரும். அதில் நீ சொன்னது சரி. கிராஞ்சிக் கரையும் லிம் சூ காங் கரையும், நமக்கும் மலேசியாவுக்கும் நடுவில் ஓடும் ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி இருக்கின்றன. இந்தப் பக்கத்துக் கால்வாய்கள், அந்தப் பக்கத்து ஆறுகள், நடுவில் மிதக்கும் மீன் பண்ணைகள், போகிற வருகிற படகுகள் என்று எல்லாவற்றிலிருந்தும் விழுவதை நீரோட்டம் இங்கே கொண்டுவந்து ஒதுக்குகிறது. மணல் கரையாக இருந்தால் அடுத்த அலை கொஞ்சத்தையாவது இழுத்துக்கொண்டு போகும். சதுப்புநிலக் காட்டில் அது நடக்காது. சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்த மூச்சு வேர்களைப் பார்த்தாயே, வந்ததை அவை விடாது. முத்துப்பேட்டையில் தாத்தாவோடு படகில் போய்ப் பார்த்த அலையாத்தி மரங்களுக்கு இவை நெருங்கிய சொந்தம். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை போலத் துப்புரவுப் பணியாளர்கள் நாள்தோறும் வந்து சுத்தம் செய்யும் இடமும் இல்லை அது. நாம் போகாவிட்டால் எல்லாம் அங்கேயே கிடந்து, வெயிலில் நொறுங்கி, சேற்றோடு சேறாகிவிடும்.

அன்று உன் பின்னாலேயே ஓர் அம்மா அட்டையும் பென்சிலுமாக வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஒவ்வொன்றாகப் பையில் போடும்போது, என்ன, எத்தனை என்று கேட்டுக் கேட்டுக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். போத்தல், உறிஞ்சுகுழல், கயிறு, நுரைத்துண்டு. நுரைத்துண்டுக்கான கட்டம் நிரம்பி ஓரத்தில் எழுதத் தொடங்கியிருந்தார். அவர் கை சேற்றில் படவே இல்லை என்று நீ நினைத்திருக்கலாம். என்னைக் கேட்டால், அன்றைக்கு நடந்ததில் முக்கியமான வேலை அந்த அட்டையில்தான் நடந்தது.

அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு 1986-இல் அமெரிக்காவின் டெக்சஸில் தொடங்கியது. சிங்கப்பூர் 1992-இல் சேர்ந்துகொண்டது. தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பிக்கும் என். சிவசோதி பல ஆண்டுகளாக இதை இங்கே ஒருங்கிணைத்தவர். ஆண்டுதோறும் செப்டம்பரில் பள்ளிகள், நிறுவனங்கள், குடும்பங்கள் என்று ஆளுக்கொரு கரையாகப் பிரித்துக்கொண்டு இறங்குவார்கள். பொறுக்க வேண்டும், எண்ண வேண்டும், எடை போட்டும் பார்க்க வேண்டும். நாம் கட்டிவைத்த மூட்டைகள் எரியாலைக்குப் போய்விடும். அந்தச் சாம்பல் குப்பை கொட்டும் செமாக்காவ் தீவுக்குப் போய்விடும். எந்தக் கரையில், எந்த ஆண்டில், எது எவ்வளவு கிடந்தது என்ற கணக்கு மட்டும் கையில் நிற்கும். ஒரு பொருளைக் கட்டுப்படுத்துங்கள் என்றோ, ஒரு கரையைக் கவனியுங்கள் என்றோ நாளை யாராவது போய்க் கேட்பதானால் அந்தக் கணக்கை வைத்துத்தான் கேட்க முடியும்.

இந்தத் தீவில் ஒரு காடோ கரையோ பிழைத்த கதை எதை எடுத்தாலும், யாரோ சிலர் விடுமுறை நாளில் நடந்துபோய் அங்கே இருப்பதை எண்ணி எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். கிராஞ்சிக்குப் பக்கத்திலேயே சுங்கே பூலோ இருக்கிறது. 1986-இல் அது பழைய இறால் குட்டைகள் நிறைந்த ஒரு மூலை. மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் அங்கே போய், சைபீரியப் பக்கமிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் அந்தக் குட்டைகளில் இறங்கி இரை தேடுவதைப் பார்த்தார்கள். பட்டியல் போட்டார்கள், அரசாங்கத்துக்கு எழுதினார்கள். 1989-இல் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டு, 1993 டிசம்பரில் திறக்கப்பட்டு, 2002-இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கை வனப்பகுதி ஆனது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை எந்தக் காலையில் போனாலும் அந்தப் பறவைகளை நீ பார்க்கலாம்.

செக் ஜாவாவின் கதையில் நெருக்கடி இன்னும் அதிகம். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு எடுப்பார்கள், புலாவ் உபின் போய் இறங்கலாம். அந்தத் தீவின் கிழக்கு முனைதான் செக் ஜாவா. கடலைத் தூர்த்து நிலமாக்கும் நில மீட்புக்கு என்று முன்பே முடிவாகிவிட்ட கரை. மணல் கொட்டத் தொடங்க ஏறக்குறைய ஒரு வருடமே இருந்த நிலையில், 2000-இன் கடைசியில் இயற்கை ஆர்வலர்கள் சிலர் அங்கே போனார்கள். கடல் வற்றியிருந்தது. கடற்புல், நட்சத்திர மீன், கடற்சாமந்தி, கடல் அட்டை என்று பரந்து கிடந்தது. 2001-இல் ராஃபிள்ஸ் பல்லுயிர் அருங்காட்சியகத்தின் தொண்டூழியர்கள் ஒவ்வொரு வற்றின்போதும் போய், கயிறு பிடித்து எல்லை போட்டு, சேற்றில் மண்டியிட்டுப் பதிவு செய்தார்கள். காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில் தொடங்கிய வேலை இல்லை அது. புதையப்போகிற கரைக்கு ஒரு பதிவாவது மிஞ்சட்டும் என்றுதான் செய்தார்கள். செய்தி பரவியது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஆயிரக்கணக்கானோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அறிவியலாளர்களும் இயற்கைச் சங்கமும் பொதுமக்களும் தங்கள் அறிக்கைகளைக் கொடுத்தார்கள். மணல் கொட்ட இருந்த அதே தறுவாயில், 2001 டிசம்பரில், தேசிய வளர்ச்சி அமைச்சு திட்டத்தை நிறுத்திவைத்தது.

நிறுத்திவைத்தது என்றுதான் சொல்கிறேன். அன்று கிடைத்தது ஒத்திவைப்பு, ரத்து கிடையாது. இன்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான நடைபாதை போட்டு, யாரும் போய்ப் பார்க்கும் இடமாக ஆகிவிட்டது என்றாலும், நான் அங்கே போகும் ஒவ்வொரு முறையும் அந்த வித்தியாசத்தை நினைத்துக்கொள்வேன். அதனால்தான் கடற்புல்லை அளக்கிற தொண்டூழியர்கள் இத்தனை வருடத்துக்குப் பிறகும் சதுரச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கரைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணிவிட்டால் எல்லாம் பிழைத்துவிடும் என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன். பிடாடாரி பழைய கல்லறைத் தோட்டம். வலசை போகும் காட்டுப் பறவைகள் இளைப்பாறிப் போன இடம். பறவை ஆர்வலர்கள் எத்தனையோ ஆண்டுகள் அங்கே குறித்துவைத்த பட்டியல்களோடு, பெரிய பகுதியைப் பறவைகளுக்கு விடுங்கள் என்று கேட்டார்கள். வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் வந்தன. ஒரு பூங்காவும் அதை ஒட்டிய குன்றும் மிஞ்சின. வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் வீவக வீட்டில்தான் குடியிருக்கிறேன். ஆனால் அந்த வழியாகப் போகும்போது மனசு கனக்கத்தான் செய்கிறது. அந்தப் பட்டியல்களும் இல்லாவிட்டால் அந்தக் குன்றாவது மிஞ்சியிருக்குமா என்று யோசித்துப் பார்.

சரி, அடுத்த தடவை உன்னை எங்கே கூட்டிப்போக நினைத்திருந்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அதே கிராஞ்சிப் பக்கம், மண்டாய்ச் சேற்றுநிலம். இயற்கைச் சங்கம் அங்கே குதிரைலாட நண்டுகளை மீட்டு, எண்ணிவருகிறது. யாரோ விரித்துவிட்டு எடுக்காமல் போன வலைகளில் அவை சிக்கிக் கிடக்கும். நீர் வற்றும் நேரம் பார்த்துத் தொண்டூழியர்கள் இறங்குவார்கள். முழங்கால் வரை புதையும் சேறு. காலை உருவி எடுத்து வைப்பதற்கே முதலில் பழக வேண்டும்.

அந்த உயிரை நீ கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, ஓட்டின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கு. வால் உருண்டையாக இருந்தால் அது சதுப்புநில வகை, முப்பட்டையாக இருந்தால் கடற்கரை வகை. இந்தத் தீவில் இருப்பவை இந்த இரண்டுதான். மல்லாத்தினால் கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காற்றில் நடக்கும். அவற்றுக்குப் பின்னால் தாள் தாளாக அடுக்கிய செவுள்கள் திறந்து மூடும். நைலான் நரம்பு வலை கால் மூட்டுகளில் சுற்றிச் சுற்றி இறுகியிருக்கும். இழுத்தால் காலே வந்துவிடும். முனை மழுங்கிய கத்தரிக்கோலை ஓட்டுக்கும் இழைக்கும் நடுவில் நுழைத்து, ஒவ்வோர் இழையாக வெட்ட வேண்டும். ஒரு காலை விடுவிப்பதற்குள் அது இன்னொரு காலை வலைக்குள் விட்டிருக்கும். அடிபட்ட இடத்தில் கசியும் குருதி நீலமாக இருக்கும். அதில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் அந்த நிறம். நண்டைவிடச் சிலந்திக்கும் தேளுக்கும்தான் இது நெருங்கிய உறவு. டைனோசர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இதன் முன்னோர்கள் கடலில் இருந்தார்கள். அப்பேர்ப்பட்ட ஒன்று, யாரோ எடுக்க மறந்த ஒரு நைலான் வலையில் காய்ந்து சாவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. வெட்டி எடுத்து, ஓட்டின் அகலத்தை அளந்து, ஆணா பெண்ணா என்று குறித்துவிட்டு, வலை இல்லாத பக்கமாக விட்டுவிடுவோம்.

இதையும் நீ கேட்பாய்: வலை மறுபடி வருமே? வரும். நாமும் மறுபடி போவோம். நாம் விடுவித்த நண்டுக்கு அன்றோடு பிரச்சினை தீர்ந்தது, அதன் கணக்கில் அது சின்ன விஷயம் இல்லை.

நடைக்கு மட்டும் வருகிறேன் என்கிறாயே, அதையும் பேசுவோம். நடைக்கு வா, தாராளமாக வா. நானும் இந்தக் காடுகளுக்குள் நடையாகத்தான் நுழைந்தேன். புக்கிட் தீமா உச்சி வெறும் 163 மீட்டர்தான், ஆனால் அந்தச் சாலை ஏற்றத்தில் மூச்சு வாங்காதவர் இல்லை. மெக்ரிட்சியில் ஏரிக்கரையோரம் தொடங்கி, 250 மீட்டர் தொங்குபாலத்தில் மரத்தலைகளுக்கு மேலே நடந்துவிட்டு வந்தால் ஒரு காலை நிறைந்துவிடும். குழுவாகப் போவதில் எனக்குப் பிடித்ததே, பத்துப் பேர் கண்ணில் யாராவது ஒருவர் கண்ணுக்கு ஏதாவது பட்டுவிடும் என்பதுதான். கிளையோடு கிளையாகப் படுத்திருக்கும் பறக்கும் ஓணானை நான் தனியாகப் போயிருந்தால் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டேன்.

ஆனால் இடுப்பில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு பாட்டுப் போட்டபடி ஓடும் குழுக்களோடு நீ போகக் கூடாது. புதுப் பாதை கண்டுபிடிக்கிறோம் என்று காட்டுக்குள் குறுக்கே புகுந்து நாற்றுகளை மிதிக்கிறவர்களோடும் போகாதே. குரங்குக்கு ரொட்டி போடுகிறவர் யாராக இருந்தாலும் தடுத்துச் சொல். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு, அது போகட்டும், அதனால் கெட்டுப்போவது அந்தக் குரங்கின் வாழ்க்கை.

குரங்கு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ பார்த்த நீள்வால் குரங்கு இல்லாமல், இன்னொன்றும் இந்தக் காட்டில் இருக்கிறது. ராஃபிள்ஸ் பட்டைக் குரங்கு. கறுப்பு உடம்பு, தொடையின் உள்பக்கம் வெள்ளைப் பட்டை, ஆள் அரவம் கேட்டாலே உயரக் கிளைகளுக்குப் போய்விடும் கூச்சம். 1838-இல் இந்தத் தீவிலிருந்துதான் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. இன்று இந்தத் தீவில் நூறுகூட இல்லை. புக்கிட் தீமாவிலும் இருந்தவைதான். அந்தக் காட்டையும் நடுவண் நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாகப் பிளந்து விரைவுச்சாலை போட்டார்கள். 1987-இல் புக்கிட் தீமாவில் மிஞ்சியிருந்த கடைசி ஒன்றை நாய்கள் கடித்துக் கொன்றன. இரண்டு காட்டையும் சேர்க்க விலங்குகளுக்கென்று மேம்பாலம் கட்டியது 2013-இல்தான். 2016-இலிருந்து தொண்டூழியர்கள் குறிப்பிட்ட பாதைகளில் திரும்பத் திரும்ப நடந்து இந்தக் குரங்குகளைத் தேடிக் குறித்து வருகிறார்கள். பல நாள் ஒன்றுகூடத் தென்படாது. தென்படவில்லை என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் கணக்குத்தான். உன் நடையைக் கொண்டுவந்து இதில் போடு என்கிறேன். உன்னைவிட மெதுவாக நடப்பார்கள், பொறுத்துக்கொள்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாரம் ஒரு புது இடம் என்று அலையாமல், ஒரு கரையையோ ஒரு பாதையையோ உன்னுடையதாக எடுத்துக்கொள். வெயிலிலும் பார், வடகிழக்குப் பருவமழையிலும் பார். அப்போதுதான் ஒன்று குறைந்தாலும் கூடினாலும் உனக்குத் தெரியும். நாளை அந்த இடத்தைப் பற்றி யாராவது முடிவெடுக்க உட்காரும்போது, அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் இருப்பான்.

அடுத்த வற்று இரண்டு வாரத்தில், ஞாயிறு காலை. வருகிறாய் என்றால் செவ்வாய்க்கிழமைக்குள் சொல், பெயர் கொடுக்க வேண்டும். நீளக் காற்சட்டை போட்டுக்கொள், போன தடவை போல அரைக்கால் சட்டை வேண்டாம். தண்ணீர் ஒன்றரை லிட்டராவது எடுத்துக்கொள். இடி கேட்டால் என்ன வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டுக் கரையேறிவிடுவோம், அதற்கு முகம் சுளிக்காதே. எண்ணிக் குறிக்க ஆள் குறைவு, அட்டையை இந்த முறை நீ பிடி. சேற்றுக்கான காலணி எங்கள் குழுவில் ஒருவரிடம் இரவல் கிடைக்கும். உன் கால் அளவை அனுப்பு.

அன்புடன்,
அக்கா