தமிழுக்குத் தேர்ச்சி நிலை வகுப்போருக்கு எல்லையோரத்திலிருந்து ஒரு மடல்

பெருமதிப்பிற்குரிய பாடத்திட்ட அறிஞர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்தேர்ச்சிச் சட்டகத்தை ஒட்டி, தமிழுக்கும் தொடக்கநிலையான ஏ1 முதல் உச்சநிலையான சி2 வரை ஆறு படிகள் வேண்டும் என்ற பேச்சு ஆசிரியர்களிடையே எழுகிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ் கற்பிக்கும் நான் அதற்கு எதிரியல்ல. ஒரு பிள்ளையால் தமிழில் என்னென்ன செய்ய முடியும் என்று எழுதித் தருவது நல்லதே. மதிப்பெண் பட்டியல் அதைச் சொல்வதில்லை.

ஆறு படிகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் அப்பாவுக்குத் துணைநிற்கும் மாணவன் கோவை வியாபாரியிடம் தமிழில் விலை பேசுவான். பாலக்காட்டுக்காரர் வந்தால் மலையாளத்துக்கு மாறுவான். கேரள வேளாண் அலுவலகமான கிருஷி பவனிலிருந்து மலையாளத்தில் வரும் அறிவிப்பைப் படித்து, எந்தக் காகிதத்தை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று பாட்டிக்குத் தமிழில் விளக்குவான். அவனையே ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லுங்கள், ஒற்று எங்கே மிகும் என்று தெரியாமல் விழிப்பான். இவன் ஏ2-வா, சி1-ஆ?

பேச்சுக்கும் எழுத்துக்கும் இத்தனை தூரம் உள்ள மொழியில் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் யாருக்கும் உதவாது. பேச்சுத் தேர்வில் 'சந்தைக்குச் சென்றேன்' என்றால்தான் மதிப்பெண் என்றும் ஆக்கிவிடாதீர்கள். (எங்கள் சந்தையில் அப்படிப் பேசினால் யாரோ ஓட்டுக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள்.) எழுத்துநடையை மேடைப்பேச்சுக்கும் கட்டுரைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

உண்மையில் அந்தச் சட்டகம் இப்படி ஒற்றை முத்திரை கேட்கவில்லை. ஒருவர் ஒரு திறனில் உயர்ந்தும் மற்றொன்றில் தாழ்ந்தும் இருக்கலாம் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. அதற்கு 2020-இல் வந்த துணைத்தொகுதி, ஒரு மொழியில் கேட்டதை, படித்ததை மற்றொரு மொழிக்காரருக்கு எடுத்துச் சொல்லும் திறனுக்கும் நிலைகள் வகுத்தது. தாய்மொழியாளரை உரைகல்லாக வைப்பதையும் கைவிட்டது. இங்கே ஏணியை மட்டும் இறக்குமதி செய்கிறோம்.

ஆகவே கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்குக்கும் தனித்தனி நிலை தாருங்கள். பாட்டிக்கு விளக்கும் அந்தத் திறனை ஐந்தாவதாகச் சேருங்கள். கேட்டல் தேர்வுக்கான ஒலிப்பதிவுகளில் கேரளத்தில் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறையும் மறையூரும் வண்டிப்பெரியாறும் ஒலிக்கட்டும்.

மாதிரித் தேர்வை எங்கள் பள்ளிகளிலும் நடத்திப் பாருங்கள். சந்தை மும்முரமாக இருக்கும் நாளில் மட்டும் வைக்காதீர்கள், பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்