கடலடி எரிமலையைப் பள்ளி மண்டபத்துக்குக் கொண்டுவந்தவர்களுக்கு

பினாங்கு அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

கடலுக்கு அடியில் இருக்கும் எரிமலையை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நாம் போட்ட கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. வாட்சப்பில் ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட மனம் வரவில்லை, ஏனென்றால் யார் என்ன செய்தார்கள் என்பது அன்றைக்கு வந்திருந்த பெற்றோருக்கே பாதி தெரியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் எதையும் போடவில்லை. "என் பேரெல்லாம் வேண்டாம்மா" என்று நிறையப் பேர் முதலிலேயே சொல்லிவிட்டார்கள், மீதிப் பேரை மட்டும் போட்டால் நன்றாக இருக்காது.

முதல் நன்றி தலைமையாசிரியருக்குத்தான். மண்டபம் தருவதாகச் சொல்லியிருந்த ஓர் இடத்தில் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். யார் என்று கேட்காதீர்கள், அது முடிந்த கதை. விஷயம் தெரிந்ததும் அவர் "நம்ம பள்ளி மண்டபம் இருக்கும்போது ஏன் வெளியே அலையறீங்க" என்று ஒரே வரியில் சாவியைக் கொடுத்தார். மலேசியத் தீபகற்பத்தில் எரிகிற எரிமலை ஒன்றுகூட இல்லை, இதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கூட்டத்தில் கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால்தான் கண்காட்சியே உருப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது, ஆகவே கேட்டவர்களுக்கும் ஒரு நன்றி.

அடுத்து பாயான் லெப்பாஸில் டெக்னீஷியனாக இருக்கும் அண்ணன். அவர் செய்துகொடுத்த மீன்தொட்டி இல்லாவிட்டால் இது வெறும் சுவரொட்டிக் கண்காட்சியாகப் போயிருக்கும். தொட்டியின் அடியில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பை, அதன்மேல் மணல், மணலின் உச்சியில் ஓர் அழுத்த உணரி, தொட்டி மூலையில் இன்னொன்று. பைக்குள் கைப்பம்பால் தண்ணீரை ஏற்றினால் மணல்மேடு மெல்ல எழும்பும். மேடு எழும்பினால் அதன் தலைக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம் குறையும், அழுத்தமும் குறையும், கணினித் திரையில் கோடு கீழே இறங்கும். அவ்வளவுதான் தத்துவம். அமெரிக்காவின் ஓரிகன் கரையிலிருந்து சுமார் 480 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலுக்குள் இருக்கும் அக்சியல் எரிமலையில் செய்வதும் இதைத்தான், என்ன, அங்கே உச்சிக்கு மேலேயே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தண்ணீர் நிற்கிறது. அந்தப் பாரத்துக்கு அடியில் தரை ஒரு சில சென்டிமீட்டர் உயர்ந்தாலும் கருவி கண்டுபிடித்துவிடுகிறது. கரையிலிருந்து கடல் தரை வழியாகக் கேபிள் போட்டிருப்பதால், கரையில் உட்கார்ந்தபடியே உடனுக்குடன் பார்க்கலாம்.

அப்போதுதான் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் மகள், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை, கையைத் தூக்கி, "கடல்தான் தினமும் ஏறி இறங்குதே, அழுத்தம் குறைஞ்சது தரை ஏறினதாலயா, தண்ணி வத்தினதாலயான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இந்தக் கடிதத்தில் அவளுக்குத் தனியாக ஒரு நன்றி. கடல் ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம் என்பது ஒரு வழி. இன்னொரு வழி, எரிமலை வாயின் நடுவில் ஒரு கருவி, வாய்க்கு வெளியே தள்ளி ஒரு கருவி என்று வைத்து இரண்டையும் ஒப்பிடுவது. கடல் ஏறினால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு மாறும், நடுவில் மட்டும் மாறினால் அது தரையின் வேலை. தொட்டியின் மூலையில் ஏன் இன்னோர் உணரி என்று அதுவரை நானே யோசித்திருக்கவில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே கையால் தண்ணீரை அலைய விட்டுக் காட்டினார், இரண்டு கோடும் சேர்ந்தே ஆடின. (பையை ஊதினால் மூலைக் கோடு கொஞ்சம் மேலே போகிறதே என்று கவனித்த பையனுக்கு: தொட்டி சின்னது, பை பெருத்தால் தண்ணீர் மட்டமே உயர்ந்துவிடும். பசிபிக் கடலில் அந்தக் கவலை கிடையாது.)

இப்படி அளந்து அளந்துதான், 1998, 2011 வெடிப்புகளைக் கண்ட அந்த அக்சியல் எரிமலை 2015-இல் மறுபடி வெடிக்கும் என்று பில் சாட்விக், ஸ்காட் நூனர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முந்தின ஆண்டே கணித்துச் சொன்னார்கள். 2015 ஏப்ரல் 24 அன்று வெடித்தது. அந்த ஒரு நாளில் மட்டும் ஏறக்குறைய 8,000 சின்னச் சின்ன நிலநடுக்கங்கள், எரிமலை வாயின் தரை இரண்டு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைத் தவிரக் கரையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, அத்தனையும் கடலுக்குள்ளேயே நடந்து முடிந்தது.

இப்போது உறுமி மேளக் குழுத் தம்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் இரவல் கேட்கத்தான் போனேன். "அக்கா, வாடகையெல்லாம் வேணாம், ஆனா நாங்களும் இருப்போம்" என்று மிக்சரோடு வந்து இறங்கினார்கள். எரிமலை எழுப்பும் ஒலிகளில் பல, விநாடிக்கு இருபது அதிர்வுக்கும் கீழே இருப்பவை, மனிதக் காதுக்கு எட்டாது. பதிவை வேகமாக ஓட்டினால்தான் கேட்கும். அதைத் தம்பிகள் மேடையிலேயே ஓட்டிக் காட்டினார்கள், அப்புறம் யாரும் கேட்காமலேயே ஒருவன் உறுமியை எடுத்து, வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த இழுவையான முனகலை எழுப்பினான். பாறைக்குழம்பும் வாயுவும் அடியில் நகரும்போது வரும் விடாத அதிர்வைக் கேட்க வேகப்படுத்தினால் கிட்டத்தட்ட அந்த முனகல்தான். பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள்கூட அடங்கிவிட்டார்கள். தைப்பூசத்துக்கு அடிக்கும் பிள்ளைகள், அறிவியலுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தவர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும்.

கண்காட்சிக்கு முன்னால் ஒரு காலையில் தெலுக் பாஹாங்கிலிருந்து எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போன மலாய்க்கார பாக் சிக்குக்கு (மாமாவுக்கு) இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்ட அவர் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் ஒப்புக்கொண்டிருக்கிறது. எண்ணெய்க் காசைக்கூட வாங்கவில்லை மனுஷர். அதிர்வை மின்சாரமாக மாற்றும் பியசோ தகடு ஒன்றுக்கு ஒயர் பற்றவைத்து, தண்ணீர் புகாமல் இப்பாக்சிப் பசை பூசி, நாங்களே செய்த நீரடி மைக்கை அங்கேதான் இறக்கினோம். தகடும் இப்பாக்சியும் கொடுத்தது ஜெலுத்தோங் ஹார்ட்வேர் கடை டவுக்கே, "புடாக் புடாக் சைன்ஸ் புன்யா பாசால்" (பிள்ளைகளின் அறிவியல் விஷயமாச்சே) என்று சொல்லிப் பாதி விலை போட்டார். என்ன கேட்டது தெரியுமா? எண்ணெய் காய்ந்த சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி விடாத படபடப்பு. சொடக்குப் போடும் சின்ன இறால்கள் கூட்டமாக எழுப்பும் சத்தம் அது. ஊடே எங்கோ ஒரு படகு மோட்டார். எரிமலையெல்லாம் இல்லை, இருக்கவும் முடியாது. கடலில் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில், வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து ஒலியை மேலேயும் கீழேயும் சிதறவிடாமல் பிடித்துவைக்கும் ஓர் அடுக்கு உண்டு. அதற்குள் மாட்டிக்கொண்ட சத்தம் பல ஆயிரம் கிலோமீட்டர் போகும். நம் மலாக்கா நீரிணை இந்தப் பக்கத்தில் அந்த அளவுக்கு ஆழமே கிடையாது. இதைப் படகிலேயே பிள்ளைகளுக்கு விளக்கியது யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கை, அவளுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது என்பது இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தத் தங்கைதான் மயோட் தீவின் கதையையும் சொன்னாள். ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே இருக்கும் பிரெஞ்சுத் தீவு. 2018 மே மாதம் அங்கே திடீரென்று நிலம் ஆட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. என்ன காரணம் என்று யாருக்கும் தெரியவில்லை, ஊர்க்காரர்களே பேஸ்புக்கில் கூடி எப்போது ஆடியது, எங்கே ஆடியது என்று எழுதிவைத்தார்கள். ஜிபிஎஸ் கருவிகளைப் பார்த்தால் தீவு கிழக்கே நகர்ந்துகொண்டே தாழ்ந்துகொண்டும் இருந்தது. நவம்பர் 11 அன்று யார் காதுக்கும் எட்டாத ஒரு நீண்ட முனகலை உலகம் முழுக்க நிலநடுக்கக் கருவிகள் பதிவுசெய்தன. கடைசியில் 2019 மே மாதம் கப்பலில் போய்க் கடல் தரையை அளந்தபோது, தீவுக்குக் கிழக்கே 50 கிலோமீட்டரில், மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 800 மீட்டர் உயரத்துக்கு ஒரு புது மலை நின்றது. பழைய வரைபடத்தில் அந்த இடம் வெறும் தரை. பிள்ளைகள் இரண்டு வரைபடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் அந்தப் பலகை ஓரமெல்லாம் கிழிந்துபோயிற்று. அதைவிட நல்ல பாராட்டு அதை வரைந்த தோழிக்கு யாரும் கொடுத்துவிட முடியாது.

கப்பலில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா மைக் பிடித்தபோது பத்து நிமிடம் என்றுதான் சொல்லியிருந்தோம். அவர் எவ்வளவு நேரம் பேசினார் என்பதை விடுங்கள். ஜப்பானின் மியோஜின் எரிமலையைப் பார்க்கப் போன கையோ மாரு-5 என்ற ஆய்வுக் கப்பல் 1952 செப்டம்பர் 24 அன்று வெடிப்பில் சிக்கி, அதில் இருந்த 31 பேரும் இறந்துபோனதை அவர் சொன்னவிதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்க்காமல் தூரத்திலிருந்து கேட்கவும் அளக்கவும் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தஞ்சோங் பூங்காவிலிருந்து வந்த பெரியவரைப் பேசச் சொல்லி வற்புறுத்தியது நான். முதலில் வேண்டாம் என்றார். 2004 டிசம்பர் 26 நம் ஊரில் யாருக்கு மறக்கும்? காலை ஒன்பது மணிக்கு முன் சுமத்ரா பக்கம் நிலம் குலுங்கியது, மதியம் ஒரு மணி வாக்கில்தான் இங்கே அலை வந்தது, பினாங்கில் மட்டும் 52 பேர் போனார்கள். நடுவில் நான்கு மணி நேரம் இருந்தும் கரையில் நின்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அது எரிமலை இல்லை, நிலநடுக்கம், அதை மேடையில் தெளிவாகவே சொன்னோம். ஆனால் 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவின் அனாக் கிராகதாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தபோது எச்சரிக்கை மணியை அடிக்கப் பெரிய நிலநடுக்கம் எதுவுமே இல்லை, அலை நேராகக் கரைக்கு வந்தது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். நிலநடுக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, மலையையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும். எதற்கு இவ்வளவு செலவு என்ற கேள்விக்கு எங்கள் பதிலும் இதுதான். நமக்கு மேற்கே அந்தமான் கடல் இருக்கிறது, அங்கே பாரன் தீவு எரிமலை உயிரோடு இருக்கிறது, 2005 ஜனவரிக் கடைசியில் நிக்கோபார் பக்கத்தில் சில நாட்களுக்குள் ரிக்டர் 5-ஐத் தாண்டிய நடுக்கங்கள் நூற்றுக்கும் மேல் வந்தன. நாளைக்கே ஏதோ நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும். பெரியவர் தன் கதையைச் சொல்லி முடித்தபோது யாரும் கைதட்டவில்லை, எழுந்து நின்றார்கள். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொன்னதற்குக் கோபிக்க வேண்டாம். காலைப் பசியாறலுக்கு நாசி லெமாக் கட்டிக்கொடுத்த அக்கா, மதியத்துக்கு மீ கோரேங் பிரட்டிய ஒட்டுக்கடை அண்ணன், நாற்காலி அடுக்கிய பெற்றோர் ஆசிரியர் சங்கத்து அப்பாமார், சுவரொட்டிகளில் ஒற்றுப்பிழை விடாமல் விரட்டிப் பிடித்த ஓய்வுபெற்ற ஆசிரியை, பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் வந்து வாசலில் பெயர் எழுதிக்கொண்ட படிவம் நான்கு மாணவிகள், எல்லாருக்கும் நன்றி. பணமாகக் கொடுத்தவர்களுக்குக் கணக்கு வாட்சப் குழுவில் இருக்கிறது, ரசீது வேண்டுமென்றால் கேளுங்கள்.

கடைசியாக இரண்டு விஷயம். மீன்தொட்டியும் உணரிகளும் பள்ளி அறிவியல் அறையில் இருக்கின்றன. வேறு தமிழ்ப்பள்ளிகளுக்கு வேண்டுமென்றால் இரவல் தரலாம், ரப்பர் பையை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், இப்போது இருப்பது ஒழுகுகிறது. அப்புறம், நீல நிற நீளமான ஒயர் ஒன்றும் சில்வர் மூடி போட்ட ஒரு சட்னி டப்பாவும் மண்டபத்திலேயே கிடக்கின்றன. யாருடையது என்று தெரியவில்லை, அலுவலகத்தில் கொடுத்துவைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்பாட்டுக் குழு சார்பில்,
உங்கள் சனிக்கிழமை வகுப்பு அக்கா