கை தட்டிப் பறக்கவிடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஞாயிற்றுக்கிழமை கேமராக்காரர்களே, வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். தாம்பரம் பக்கம் வேலை. வாரத்தில் ஆறு நாள் கணினித் திரையைப் பார்த்துக் கண் எரிந்தவன், ஏழாம் நாள் விடியுமுன் பழைய 150-600 லென்ஸை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துவிடுவேன். மதுராந்தகத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவே எந்தச் சாலையில் திரும்பினாலும் ஏதாவது ஒரு ஏரிக்கரையில் போய் முட்டும். அவசரம் இல்லாமல் போவேன். டீக்கடை வந்தால் நிற்பேன், மாடு குறுக்கே வந்தால் நிற்பேன். மடையில் மடையான் உட்கார்ந்திருந்தாலும் நிற்பேன். இந்த மடல் அப்படி நான் நிற்கிற ஏரிகளில் ஒன்றைப் பற்றியது. அதன் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

போன மாசியில் ஒரு ஞாயிறு, காலை ஒன்பதரை மணி இருக்கும். உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே நீர் தேங்கும் பரப்பில், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் சங்குவளை நாரைகள் கூடு வைத்திருந்தன. சிலர் மஞ்சள் மூக்கு நாரை என்பார்கள். கரையில் இருந்து எண்ணியதில் நாற்பது கூடுகளுக்கு மேல். பாதிக் கூடுகளில் சாம்பல் வெள்ளைப் பஞ்சாகக் குஞ்சுகள். வெயில் ஏற ஏற, தாய்ப் பறவையோ தகப்பனோ ஒன்று கூட்டின் விளிம்பில் நின்று, சூரியனுக்கு முதுகைக் காட்டி, இறக்கையைப் பாதி விரித்துக் குடைபோலப் பிடிக்கும். குஞ்சுகள் அந்த நிழலுக்குள் நெருக்கியடித்து உட்காரும். வெயில் நகர்ந்தால் பறவையும் கொஞ்சம் நகரும். ஒரு மணி நேரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படம்கூட அதிகம் எடுக்கவில்லை.

அப்போதுதான் உங்களில் ஆறேழு பேர் இரண்டு காரில் வந்தீர்கள். கரைமேலேயே காரை ஓட்டிக்கொண்டு, மதகு வரைக்கும். எல்லோரும் இலைப்பச்சை அச்சுப் போட்ட சட்டை, தொப்பி. லென்ஸுக்கும் அதே துணியில் உறை. (பறவைக்குத் தெரியக்கூடாது என்றுதானே அந்தச் சட்டை? அதைப் போட்டுக்கொண்டு இவ்வளவு சத்தமாகப் பேசுகிறவர்களை நான் பார்த்ததில்லை.) உட்கார்ந்திருக்கும் நாரை உங்களுக்குப் போதவில்லை, பறக்கும் படம் வேண்டும். ஒருவர் கை தட்டினார். ஒன்றிரண்டு கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டன. இன்னொருவர் காரின் ஹாரனை அழுத்தினார். கடைசியில் ஒரு கல் மரத்தடித் தண்ணீரில் விழுந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்தது. அடுத்த பத்து நொடி தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஷட்டர் சத்தம். அப்புறம் திரையைப் பார்த்துச் சிரித்தீர்கள், டிபனுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினீர்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்.

நீங்கள் போன பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பறவைகள் ஏரிக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தன, இறங்கவில்லை. கூட்டில் குஞ்சுகள் வாயைத் திறந்து, தொண்டைத் தோல் படபடக்க மூச்சு வாங்கின. நாய் நாக்கைத் தொங்கப்போடுவது போல, பறவைக்கு உடம்புச் சூட்டை இறக்க அது ஒரு வழி. கொஞ்ச நேரத்தில் காக்கைகள் வந்தன. காக்கை எப்போதும் அங்கே சுற்றிக்கொண்டுதான் இருக்கும், காவல் இருக்கும்வரை கிட்டே வராது. ஓரமாக இருந்த கூட்டில் குஞ்சு பொரிக்காத முட்டை இருந்திருக்கிறது. இரண்டு காக்கைகள் சேர்ந்து இறங்கின, ஒன்று அலகில் முட்டையோடு எழுந்து போனது. எல்லா நாரையும் திரும்பி வந்து உட்கார முக்கால் மணி நேரம் ஆனது. வெயில் தாங்காமல் ஏதாவது குஞ்சு செத்ததா என்று கரையில் இருந்து எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் போனபோது அந்த ஓரத்துக் கூடு காலியாகக் கிடந்தது.

சரி, இவ்வளவு பேசுகிற நீ யோக்கியனா என்று கேட்பீர்கள். இல்லை. ஆறு வருடத்துக்கு முன், புதிதாக லென்ஸ் வாங்கிய ஜோரில், வயலில் மேய்ந்துகொண்டிருந்த நத்தைகுத்தி நாரைக் கூட்டத்தை நானே கை தட்டிக் கிளப்பியிருக்கிறேன். அங்கே கூடு இல்லை, இரைதான் தேடிக்கொண்டிருந்தன. அதனால் என்ன என்று நினைத்தேன். வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, “ஏம்ப்பா, சாப்பிடறதை எழுப்பி விடறியே” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றைக்கு எடுத்த படங்களைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். எல்லாப் பறவையும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. பயந்த பறவை நம்மை விட்டு விலகித்தானே பறக்கும்? வாலும் காலும்தான் படத்தில் விழும். முகம் வேண்டுமென்றால் அதுவாகப் பறக்க வேண்டும். அதற்கு இருக்கும் சூத்திரம் காற்றுதான். நாரை, வாத்து போன்ற பெரிய பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆக, காற்று உங்கள் முதுகில் படும்படி கரையில் உட்கார்ந்தால், எழும்பும் பறவையும் இறங்கும் பறவையும் உங்களைப் பார்த்தபடி வரும். காலையில் சூரியனும் முதுகுப் பக்கம் அமைந்துவிட்டால் அதைவிட யோகம் வேறு இல்லை. பறக்கப்போகிற நாரை முன்கூட்டியே சொல்லிவிடும்: கழுத்தை நீட்டும், உடம்பை முன்னால் சாய்க்கும், பெரும்பாலும் ஒரு எச்சம் போடும். எச்சம் விழுந்ததும் விரல் பட்டனில் இருந்தால் போதும். கூட்டுக்குச் சுள்ளி எடுக்கவும் இரை கொண்டுவரவும் அவை நாள் முழுக்கப் போய்வந்துகொண்டேதான் இருக்கின்றன. கல் எறிந்து கிளப்ப வேண்டிய தேவையே இல்லை.

வெள்ளைப் பறவைக்கு ஒளியளவைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் கொக்கின் முதுகு வெளுத்து, இறகு இறகாகத் தெரிய வேண்டியது சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி ஆகிவிடும். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. நான் அப்படித் தொலைத்த படங்கள் நூறு இருக்கும்.

உட்கார்ந்தால் என்னென்ன கிடைக்கும் என்று தெரிந்தால் நீங்கள் கை தட்டமாட்டீர்கள் என்பது என் நம்பிக்கை. மடையானையே எடுத்துக்கொள்ளுங்கள். சேற்று நிறத்தில் மதகோரம் மண்ணாங்கட்டிபோல உட்கார்ந்திருக்கும். காலடிக்குக் கிட்டே போகும்வரை அசையாது, அதனால்தான் குருட்டுக் கொக்கு என்று பெயர். எழும்பினால் ஒரே வெள்ளை. நத்தைகுத்தியின் அலகு மூடினாலும் நடுவில் சந்து தெரியும், ஆனால் குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும். அது தின்று போட்ட நத்தை ஓடுகளைக் கரையோரம் பொறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் உடையாமல் முழுசாக இருக்கும். முக்குளிப்பான் மிதக்கும் பாசிக் கூட்டை விட்டு இறங்கும் முன், அலகால் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். நீங்கள் திடுமென்று போய் நின்றால் மூட நேரம் இருக்காது. இலைக்கோழியில் அடைகாப்பது ஆண்தான். குஞ்சுகளை இறக்கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு நடக்கும்போது, அதற்கு எட்டுப் பத்துக் கால் இருப்பது போலத் தெரியும். அந்தப் படத்துக்காக நான் மூன்று வருடமாகக் காத்திருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

உள்வாயில் தண்ணீர் வற்றிய இடத்தில் காரை இறக்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வெறும் தரையில்தான் முட்டையிடும். நாலு முட்டை, மண் நிறத்தில் புள்ளி போட்டு. கிட்டே நின்று பார்த்தாலே கண்ணுக்குத் தெரியாதது ஸ்டியரிங் பிடித்தவருக்கு எங்கே தெரியப்போகிறது? வெயில் நேரத்தில் ஆள்காட்டி தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும், சூடு தணிய. தலைக்கு மேலே அது கத்திக்கொண்டு சுற்றினால் வேடிக்கை காட்டவில்லை, போ என்கிறது.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் இது தெரிந்திருக்கட்டும்: 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் சேர்ந்தே வருகிறது. சரணாலயத்துக்குள் என்று அந்த வரியில் இல்லை. துப்பாக்கிக்குப் பதிலாகக் கேமரா என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அதை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அந்தச் சங்கடம் புதிதும் அல்ல. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கியதாகப் பதிவு இருக்கிறது. சரணாலயம், வனத்துறை என்ற பேச்செல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்னால். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரத்திலேயே நாரை கூடு கட்டுகிறது. கத்தலையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு ஊர் வாழ்கிறது. தீபாவளிக்குச் சின்னப் பிள்ளைகளே மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிற இடம் ஒன்று இருக்கும்போது, நாம் ஹாரன் அடிக்கிறோம்.

வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில், சேர்ந்தன. அங்கே காவல் உண்டு, பார்வைக் கோபுரம் உண்டு. நான் சொல்லும் ஏரிக்கு அப்படி ஒன்றும் இல்லை. வயல்களுக்கு ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்க்கட்டி ஒருவர், மீன்பாசி குத்தகை எடுத்த ஒருவர், ஆடு மேய்க்கும் இரண்டு பேர், அவ்வளவுதான். இதனால்தான் பெயரைச் சொல்ல மறுக்கிறேன். அன்றைக்கு எடுத்த படத்தை உங்களில் ஒருவர் ஏரியின் பெயரோடு, மேப் குறியோடு வாட்ஸ்அப்பில் போட்டார், எனக்கே மூன்று குழுக்களில் வந்து சேர்ந்தது. அடுத்த ஞாயிறு கரையில் பதினோரு கார். ஒருவர் டிரோனும் கொண்டுவந்திருந்தார். கரைமேல் கார் ஏறி ஏறி மண் சரிந்த இடத்தை நீர்க்கட்டிதான் கூடையில் மண் அள்ளிப்போட்டு மூடினார். என்னைப் பார்த்ததும், “உங்க ஆளுங்கதானே?” என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். மாவட்டத்தின் பெயர் போதும். கூடு கலைந்து குஞ்சுகள் பறந்துபோன பிறகு வேண்டுமானால் முழு விலாசமும் போடுங்கள். எண்ணிக்கை யாருக்காவது உதவ வேண்டும் என்று நினைத்தால், 2015இல் இருந்து ஒவ்வொரு வருடமும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. நாலு நாள், நம் ஊர் ஏரியைச் சும்மா உட்கார்ந்து எண்ணி, பறவைக் கணக்கைப் பதியும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டியதுதான். பெரிய லென்ஸ்கூடத் தேவையில்லை.

லென்ஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன். காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் தானே கூட்டிச் சேர்த்த ஒரு கனத்த கேமராவை வைத்துக்கொண்டு, கருப்பு வெள்ளைச் சுருளில்தான் காட்டுயிர்களைப் படம் எடுத்தார். நொடிக்கு இருபது படம் அடிக்கும் நம் கருவிக்கு அவரை விடப் பொறுமை குறைவாக இருந்தால் போதும் என்று யார் சொன்னார்கள்?

உங்களை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, விருப்பமும் இல்லை. காரைத் தார்ச்சாலையிலேயே, பனைமர வரிசைக்குக் கீழே நிறுத்துங்கள். அங்கிருந்து, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் வரை நடை ஏழெட்டு நிமிடம். கூட்டு மரங்களுக்கு நேர் எதிரே நிற்காமல் அந்தக் கலங்கல் சுவரில் உட்கார்ந்தால், காலையில் காற்று பெரும்பாலும் முதுகில்தான் அடிக்கும். டீக்கடை ஊருக்குள் கோயில் பக்கம் இருக்கிறது, எட்டு மணிக்கு மேல் போண்டா கிடைக்கும். அந்த முதல் படம், நான் கை தட்டி எழுப்பிய நத்தைகுத்திக் கூட்டம், இன்னும் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கு நிறைய லைக் வந்தது. வேண்டுமானால் காட்டுகிறேன், எல்லாம் முதுகுதான்.

இப்படிக்கு,
கலங்கல் சுவரில் உட்கார்ந்திருப்பவன்