குஞ்சோடு நின்ற விரால்

உப்புவெளி, திருகோணமலை
ஜூலை மாதம்

அன்பின் மச்சான்,

கடிதத்தை உன் மூத்தவன் கையோடு கொண்டுவந்து தந்தான். அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று இவள் வாசலிலேயே சொல்லிவிட்டாள். முகத்தைப் பார்த்து இல்லை. உடுப்புப் பெட்டியைத் தொடமுதல் தூண்டில் தடி இருந்த நீளக் குழாயைத் திறந்து, ஏதும் முறிந்துபோச்சா என்று தடவிப் பார்த்தானே, அதைப் பார்த்துத்தான். நேற்று யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏற்றிவிட்டேன். உன் தங்கச்சி வீட்டில் நின்றுவிட்டுத் திரும்பவும் இங்கே வருவானாம். வீடு ஓய்ந்து கிடக்கிறது, அதுதான் எழுதக் குந்தினேன்.

முதலில் உன்னுடைய பாஸ் மீன் கதை. அங்கே கனடாவில், சிம்கோ ஏரியில் படகில் இருந்து குனிந்தால் அடியில் கிடக்கிற கல்லை எண்ணலாம், மீன் வந்து இரையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைக்கூடக் கண்ணால் கண்டேன் என்று எழுதியிருந்தாய். கொடுத்து வைத்தவன். அங்கே தண்ணி ஏன் அவ்வளவு தெளிவு என்று உன் மகனிடம் கேட்டேன். வரிக்குதிரை மட்டி என்று ஒரு சின்னச் சிப்பியாம். கப்பல்கள் பாரத்துக்காக அடியில் நிரப்பிவரும் தண்ணியோடு ஐரோப்பாப் பக்கம் இருந்து வந்து இறங்கினதாம். 1988இல் சென் கிளெயர் ஏரியில் கண்டுபிடித்தார்களாம், பிறகு ஒவ்வொரு ஏரியாகப் பரவிவிட்டதாம். ஒரு மட்டி நாளுக்கு ஒரு லீற்றர் அளவு தண்ணியை உறிஞ்சி வடிகட்டி, அதில் மிதக்கிற பாசித் துகளைத் தின்றுவிடுமாம். அப்போ நீ மெச்சின தெளிவு, ஏரியின் சாப்பாட்டை வெளியில் இருந்து வந்தவன் தின்று முடித்த தெளிவு! இதை அவனிடம் சொன்னேன். "அப்பாட்ட இதச் சொல்லாதீங்க மாமா, அவருக்கு அந்த ஏரியில சரியான லவ்" என்றான். எழுதிவிட்டேன், கோபிக்காதே.

தெளிந்த தண்ணியில் மீனுக்கும் உன்னைத் தெரியும் என்பதுதான் உன் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம். தூர நின்று எறிய வேண்டும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல் வேண்டும், ஈயம் அடியிலும் ஊசி அதற்கு மேலேயுமாய்க் கட்டிக் கல்லுத் திட்டியின் ஓரத்தில் சும்மா ஆட்ட வேண்டும் என்று எல்லாம் விபரமாய் எழுதியிருக்கிறாய். ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றிப்போகிற கிண்ணியா மிதவைப் பாதையின் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு, தங்கூசி நூலை விரலில் சுற்றி, இறால் துண்டு கொழுவி எறிந்த ஆளா இது? பாதையும் இப்போது இல்லை. 2009 ஒக்டோபரில் பாலம் திறந்ததோடு அது முடிந்துபோச்சு. காத்திருக்கிற நேரத்தில் மீன் பிடிக்கிறவர்களும் இல்லை, ஏனென்றால் காத்திருக்கிற நேரமே இல்லை.

சரி, இனி எங்கள் நாள்.

இவனுக்குக் கடல் வேண்டாமாம். வீச்சுவலை, கரைவலை எல்லாம் காட்டினேன், பார்த்தான், படம் எடுத்தான். மனம் குளத்தில்தான் நின்றது. இலைப்பாசிக்குள் பிளாஸ்ரிக் தவளையை எறிந்து பெரியவாய் பாஸ் பிடிக்கிற பழக்கம் அவனுக்கு. எங்கள் விரால் அதே மாதிரி இலைக்குள் படுத்திருந்து தவளைக்குப் பாய்கிற சாதி என்று எங்கேயோ வாசித்திருக்கிறான். "விரால் எங்க மாமா நிறைய?" என்று இருக்கவும் விடவில்லை நிற்கவும் விடவில்லை. கந்தளாய்க் குளத்துக்குக் கூட்டிப் போனேன்.

விடியமுதல் வெளிக்கிட்டோம். யானை றோட்டைக் கடக்கிற நேரம் என்பதால் வானை மெதுவாகத்தான் ஓட்டச் சொன்னேன். யானை வரவில்லை, இவனுக்குப் பெரிய ஏமாற்றம். தம்பலகாமம் தாண்டும்போது குளக்கோட்டன் என்ற ராசாவின் கதை சொன்னேன். கோணேசர் கோயில் வயலுக்குத் தண்ணி பாய அவன் கட்டின குளம் என்று எங்கள் ஆட்கள் சொல்வதையும், ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டினது என்று சரித்திரப் புத்தகம் சொல்வதையும் சேர்த்தே சொன்னேன். அவன் இரண்டையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "கட்டு உடைஞ்சது எப்ப?" என்றான். அதை நீதான் சொல்லியிருப்பாய். 1986 ஏப்ரல் 20, விடியப்புறம். நூற்றுக்கும் மேல் சனம் போச்சு. அந்தக் கட்டின் மேலே நின்று தண்ணியைப் பார்த்துக்கொண்டு சொல்லும்போது அவன் முகம் மாறிவிட்டது. பிறகு அதைப்பற்றி நான் கதைக்கவில்லை.

தோணிக்கு ஒரு காக்காவை, முஸ்லிம் அண்ணன் ஒருவரை, பிடித்து வைத்திருந்தேன். வயது எங்களுக்கு ஒன்றிரண்டு குறையலாம். குளத்தில் வலை போட்டுத் திலாப்பியா பிடித்துத்தான் சீவியம். கச்சான் என்கிற மேல்காத்து எழும்பினால் நடுக்குளத்தில் தோணி நிற்காது என்று, கட்டுக்கு எதிர்ப்பக்கம், ஆம்பலும் பட்டமரமும் நிற்கிற மூலைக்குக் கொண்டுபோனார். மச்சான், இந்தக் குளத்துத் தண்ணி எப்போதும் பால் விட்ட தேத்தண்ணி நிறம்தான் என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த மூலையில் காத்தும் இல்லை, ஓட்டமும் இல்லை, வண்டல் எல்லாம் படிந்து, இலைகளுக்கு இடையில் தண்ணி கண்ணாடியாய் நின்றது. ஆம்பல் தண்டு அடிவரைக்கும் தெரிந்தது. உன் ஏரி அளவுக்கு இல்லை என்றாலும் குறை சொல்ல முடியாத தெளிவு.

அங்கேதான் அதைக் கண்டோம். ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் தண்ணி சிலிர்த்துக்கொண்டே இருந்தது. கிட்டப் போனால், செம்மஞ்சள் நிறத்தில் நுள்ளான் குஞ்சுகள், ஆயிரக்கணக்கில், ஒரே திரளாய். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காத்தை விழுங்கித்தான் சீவிக்கும். குஞ்சுகளும் அதைத்தான் பழகிக்கொண்டிருந்தன. ஒரு கூட்டம் மேலே வர, மற்றக் கூட்டம் கீழே போகும். அதற்கு நேர் கீழே, முதலில் தண்டு என்றுதான் நினைத்தேன், கறுத்த முதுகோடு தாய் விரால் அசையாமல் நின்றது. தாயோ தகப்பனோ, இரண்டும் காவல் நிற்கும் என்கிறார்கள். தோணியின் நிழல் விழுந்தும் விலகவில்லை. தலையை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினது.

காக்கா குரலைக் குறைத்து, "எறியிங்க மகன், குஞ்சுக்கு நடுவால இழுங்க, தப்பாது" என்றார். அது உண்மை. பசி இல்லாவிட்டாலும் குஞ்சுக்கு நடுவில் விழுகிற எதையும் அது கடிக்கும். எங்கள் பெடியன்கள் விரால் பிடிக்கிற முறையே இதுதானே. குஞ்சைத் தேடு, தாயைப் பிடி. நீயும் நானும் பெரியகுளத்தில் செய்ததும் அதுதான்.

இவன் தடியை மடியில் வைத்துவிட்டான். "இல்ல அங்கிள், இது சரியில்ல" என்றான். தெற்கு ஒன்ராறியோவில் பல இடங்களில் ஜூன் பின்பாதி வரைக்கும் பாஸ் பிடிக்கத் தடையாமே? ஆண் பாஸ் வாலால் கூடு துப்புரவாக்கி, முட்டையையும் குஞ்சையும் காத்து நிற்கிற காலமாம். அந்த நேரம் அதைத் தூக்கி, படம் எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால்கூட, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மற்ற மீன்கள் புகுந்து கூட்டைத் தின்றுவிடுமாம். இதையெல்லாம் அவனுடைய தமிழில் காக்காவுக்கு விளங்கப்படுத்தினான். காக்கா பொறுமையாய்க் கேட்டார். துடுப்பைக் குறுக்கே வைத்தார். பிறகு சொன்னார்:

"ஊட்டுல எனக்கும் குஞ்சு இரிக்கி மகன்."

பெடியனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. திலாப்பியா கிலோவுக்கு என்ன கிடைக்கும், விரால் கிலோவுக்கு என்ன கிடைக்கும் என்று எங்கள் மூன்று பேரில் அவருக்குத்தான் தெரியும். தடைக்காலம் என்ற ஒன்றை, அது முடியுமட்டும் வீட்டில் அடுப்பு எரியும் என்று தெரிந்தவர்கள் போட்டால் சுகம். அப்படி யோசித்தாலும், மச்சான், என் மனம் பெடியன் பக்கம்தான் நின்றது. அந்தத் தலை திரும்பினதைப் பார்த்த பிறகு என்னால் எறியச் சொல்ல ஏலாது. காக்காவின் நாள் கூலிக்கு மேலே ஒரு விராலின் காசையும் சேர்த்துத் தருகிறேன் என்று நான் சொல்ல, அவர் சிரித்துவிட்டு, "நீங்க சொன்னாச் சரி" என்று தோணியைத் திருப்பினார். இவனுக்காகத் திருப்பினாரா, காசுக்காகவா என்று நான் ஆராயவில்லை.

பட்டமரத்துப் பக்கம் தனி விரால்கள் நின்றன. உன் மகன் எறிகிறதைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு மட்டும்தான் அசைகிறது. தவளை போய் இலையின் மேலே சத்தமில்லாமல் குந்துகிறது. பிறகு ஒரு துள்ளல், ஒரு பொறுத்தல். முதல் தரம் பாய்ந்தபோது தண்ணி வெடித்த சத்தத்தில் நான் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், அவனோ இழுக்கவில்லை! "இழுடா" என்று கத்துகிறேன். கவ்வினதும் இழுத்தால் தவளைதான் வருமாம், ஒரு மூச்சு விட்டு, மீன் திரும்பி அமிழ்ந்த பிறகு இழுக்க வேண்டுமாம். பாஸுக்கும் அதே கணக்காம். சொன்னபடி இழுத்தான், தடி வளைந்தது, தாமரைக் கொடியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு விரால் வந்தது. முழங்கையை விட நீளம். பாம்புத் தலை, பக்கத்தில் சரிந்த வரிகள், கையில் நிற்காத வழுவழுப்பு. கடவாயில் ஊசி கழற்றக் குறடு வைத்திருந்தான். கழற்றி, இரண்டு கையாலும் தண்ணிக்குள் பிடித்தான்.

காக்காவுக்கு அப்போதுதான் விளங்கினது. "விடப் போறீங்களா?"

"ஓம்."

"விடுறத்துக்கா மகன் பிளேன் ஏறி வந்த?"

இதற்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மீன் தானாகவே நழுவிப் போய்விட்டது. அதற்குப் பிறகு பிடித்ததை எல்லாம் காக்காவின் சாக்குக்குள் போடுவது என்று ஒப்பந்தம்.

வெயில் ஏறினதும் மரநிழலில் தோணியைக் கட்டி, இவள் கட்டித்தந்த சோற்றைப் பிரித்தோம். அங்கேதான் இவன் இரண்டு கதை சொன்னான். உலகத்திலேயே பெரிய பெரியவாய் பாஸை 1932இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்பவர் பிடித்தாராம், 22 இறாத்தல் 4 அவுன்ஸ். அந்தச் சாதனையோடு சமமாய் நிற்கிற மற்ற மீனை 2009இல் மனபு குரிட்டா பிடித்தது அமெரிக்காவிலே இல்லையாம், ஜப்பானில் பிவா ஏரியில். அங்கே பாஸ் வெளியில் இருந்து வந்து உள்ளூர் மீனைத் தின்கிற மீன். பிடித்தால் திரும்ப விடுவதற்கே தடையாம். மற்றக் கதை எங்கள் விராலின் சொந்தக்காரனைப் பற்றியது. 2002இல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துக் குரொப்டன் என்ற ஊரில் ஒரு சின்னக் குளத்தில் சீன விரால் பெருகிவிட்டதைக் கண்டு, நாடே பயந்து, குளத்துக்கு மருந்து போட்டு எல்லா மீனையும் சாகடித்தார்களாம். ஒன்ராறியோவில் விராலை உயிரோடு வைத்திருப்பதே குற்றமாம். "இஞ்ச பிள்ளை பெத்தவளுக்குக் கொடுக்கிற மீனுக்கு அங்க மருந்தா அடிச்சவங்க?" என்று காக்கா நெடுநேரம் புறுபுறுத்துக்கொண்டிருந்தார். நான் பிளேன்ரீ போத்தலை அவர் பக்கம் தள்ளினேன்.

காக்கா எங்கள் பங்குக்கு இரண்டு தந்தார். அடுப்புச் சாம்பல் போட்டு உரசி வழுவழுப்பை எடுத்து, புளி கூட்டி, வெந்தயம் தாளித்து, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு இவள் வைத்த குழம்பை உன் மகன் தின்ற வேகத்தைக் கண்டு, விடுகிற கொள்கை எல்லாம் கந்தளாயோடு சரி என்று நினைத்துக்கொண்டேன். கேட்டேன். "குஞ்சில்லாத மீன் தானே மாமா" என்றான். சாமர்த்தியம் தாயிடம் இருந்து வந்தது.

மற்றச் செய்திகள் சுருக்கமாய். என் இடக்கண்ணுக்கு ஒப்பரேசன் முடிந்தது, வலக்கண் தைக்குப் பிறகு. கோட்டைக்குள் மான்கள் அப்படியே திரிகின்றன, கச்சான் கடலை விற்கிறவரின் பையை இழுக்கின்றன. உன் காணியின் தெற்கு வேலி சரிந்து கிடந்தது, கதியால் போட்டு அடைத்துவிட்டேன், கணக்கு நீ வரும்போது பார்ப்போம். இவன் யாழ்ப்பாணத்தால் திரும்பினதும் கொட்டியாரக் குடாவில் கொடுவாவுக்குப் போவதாக இருக்கிறது. கொடுவா பெரும்பாலும் ஆணாய் வளர்ந்து பிறகு பெண்ணாய் மாறுகிற மீன் என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை, போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான். பெரியவர் சொன்னால் நம்புகிற காலம் மலையேறிவிட்டது!

அடுத்த வருசம் நீயே வருவதாக எழுதியிருக்கிறாய். மார்கழியில் வராதே, மழையில் வீட்டுக்குள்ளேதான் இருப்பாய். ஆனி ஆடியில் வா. வரும்போது ஐம்பது இறாத்தல் தாங்குகிற பின்னல் நூல் ஒரு சுருள், பச்சை நிறம், காக்காவுக்குக் கொண்டுவா. இவனுடைய நூல் தாமரைத் தண்டை அறுத்துக்கொண்டு வந்ததில் இருந்து அதே கதைதான் அவருக்கு. பிளாஸ்ரிக் தவளை வாங்கிச் செலவழிக்க வேண்டாம். தேய்ந்த றப்பர் செருப்பில் அவரே ஒன்று வெட்டிக் காட்டினார், விரால் அதற்கும் பாய்கிறது. உன் பழைய செருப்பு இரண்டு சோடி கொண்டுவந்தால் போதும்.

அன்புடன்,
உன் கூட்டாளி