டம்பெல் எப்போது என்று கேட்ட பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கும் நீச்சல் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். சென்ற மாதம் மட்டும் நாலைந்து பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "போட்டிக்குப் போகிற பையன், அவனுக்குப் போய் மெல்லிசு ரப்பர் பட்டையைக் கொடுத்துக் கையைத் திருப்பச் சொல்கிறீர்களே, டம்பெல் எப்போது?" நியாயமான கேள்விதான். பிள்ளையை அழைத்துப் போகும் அவசரத்தில், வாசலில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மீட்டர் குளத்தில் 3,000 மீட்டர் நீந்தினால் 120 நீளம். ஒரு நீளத்துக்கு ஒரு கை எட்டு முறை தண்ணீரை இழுத்தால், ஒரு தோளுக்கு 960 இழுப்பு, அதுவும் ஒரே நாளில். இந்த இழுப்பில் பெரும்பங்கு மார்புத் தசைக்கும் முதுகின் அகலத் தசைக்கும். இரண்டுமே கையை உள்பக்கம் திருப்புகிறவை. வெளிப்பக்கம் திருப்பும் சின்னத் தசைகள் தோள்பட்டை எலும்பின் பின்னால் இருக்கின்றன. தண்ணீரில் அவற்றுக்கு அந்த அளவு வேலை கிடைப்பதில்லை. நாளாக ஆக முன்பக்கம் வலுத்து, பின்பக்கம் பின்தங்கி, தோள் முன்னால் உருண்டுவிடும். அப்புறம் கையைத் தலைக்கு மேல் வீசும்போதெல்லாம் மூட்டுக்குள் தசைநார் உரசும். கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற இரு கனடா மருத்துவர்கள் 1974-லேயே இந்த வலிக்கு 'நீச்சல்காரர் தோள்' என்று பெயர் வைத்து எழுதிவிட்டார்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையை உங்கள் எதிரே கைகளைத் தளர்த்தி நிற்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் உங்களைப் பார்த்தால் சரி. புறங்கை முழுதாகத் தெரிந்தால், தோள் உருள ஆரம்பித்திருக்கலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் நாங்களும் பெஞ்சைப் பின்னால் பிடித்து இறங்கி ஏறும் டிப்ஸையும் தண்டாலையும்தான் நிறையக் கொடுத்தோம். பிள்ளைகள் வியர்த்தார்கள், நீங்களும் சந்தோஷப்பட்டீர்கள். மூன்று பேருக்குத் தோளின் முன்பக்கம் வலி வந்த பிறகுதான், ஏற்கெனவே களைத்த இடத்திலேயே சுமையை ஏற்றியிருக்கிறோம் என்று புரிந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போது செய்வது இதுதான். முழங்கையை இடுப்போடு ஒட்டி, நடுவில் ஒரு கைத்துண்டை மடித்து வைக்கிறோம். முழங்கை மடங்கியபடியே பட்டையை வெளிப்பக்கம் மெதுவாகத் திருப்பி, அதைவிட மெதுவாகத் திரும்ப வரவேண்டும். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது, அதாவது வேறு தசை வேலையைத் திருடிக்கொண்டது என்று அர்த்தம். பதினைந்து முறை ஒழுங்காகச் செய்தால் தோளின் பின்பக்கம் இதமாகச் சூடேறும். கழுத்து இறுகினால் பட்டை கனம், மெல்லிசுக்கு மாறிக்கொள்ளுங்கள். அடுத்தது, தண்டால் நிலையில் முழங்கையை மடக்காமல் தரையைத் தள்ளி, முதுகை மேலே உயர்த்துவது. தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் துருத்தாமல் விலா எலும்போடு ஒட்டி நிற்க இது உதவும். இந்த இரண்டும் பிடிபட்ட பிறகு டம்பெல் தருவோம், நிச்சயமாக.

ஒரு வேண்டுகோள்: நண்பன் பின்னால் நின்று இரண்டு கைகளையும் சேர்த்து இழுக்கும் அந்த ஸ்ட்ரெச் வேண்டவே வேண்டாம். நீந்துகிறவர்களின் தோள் பெரும்பாலும் ஏற்கெனவே தளர்ந்தது. அதற்குத் தேவை பிடிமானம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளைபோல் காலை உதைத்து நீந்துவது) பிள்ளைகளுக்கு முழங்காலின் உள்பக்கம் வலித்தால் உடனே சொல்லுங்கள், இடுப்புப் பயிற்சியை மாற்றித் தருகிறோம்.

நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. குன்னூர்க் குளிரில் விடியுமுன் கிளம்பி, பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் குறுகி உட்கார்ந்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூர் போய், பிள்ளைகள் நேராகக் குளத்தில் குதிக்கிறார்கள். பையில் பட்டையை வைத்தனுப்புங்கள். குளத்தோரம் பத்து நிமிடம் கை சுழற்றி, மேலே சொன்ன இரண்டையும் செய்துவிட்டு இறங்கட்டும். குளத்துக் குளோரினும் வெயிலும் ரப்பரைக் கெடுக்கும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் பவுடர் தூவி வையுங்கள். கீறல் தெரிந்த பட்டை அறுந்து முகத்தில் அடிக்கலாம். அதை எங்களிடம் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம்.

இரவில் தூக்கம் கெடும் அளவுக்குத் தோள் வலித்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், அப்புறம் இங்கே வரலாம். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை வகுப்பு மாலை நாலரைக்கு. உங்களில் ஒருவராவது கால் மணி நேரம் உடன் இருந்தால், கைத்துண்டு வைக்கும் விதத்தை உங்களுக்கும் காட்டித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் பயிற்சிக் கூடத்தார்,
குன்னூர்