ராடிக்குத் தந்த அவகாசம் சுந்தரத்திற்கு ஏன் இல்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் தேசியக் காற்பந்துக் குழு தோற்கும் போதெல்லாம் பயிற்றுவிப்பாளரை மாற்றச் சொல்லிக் குரல்கள் எழுகின்றன. அப்போதெல்லாம் எனக்கு அக்குழுவின் முன்னாள் பயிற்றுவிப்பாளர் ராடி அவ்ராமோவிச் நினைவுக்கு வருவார்.

அன்றைய யுகோஸ்லாவியாவின் ரியெக்கா குழுவில் கோல்காப்பாளராக இருந்த அவர், இங்கிலாந்தின் நாட்ஸ் கவுன்டி 1981ல் முதல் டிவிஷனுக்கு உயர்ந்தபோது அதன் கோலைக் காத்தவர். குவைத், ஓமான் நாடுகளில் பயிற்சியளித்த பின் 2003ல் இங்கு வந்தார். கோல்காப்பாளர் திடல் முழுவதையும் பின்னாலிருந்து பார்த்துப் பழகியவர் என்பதாலோ என்னவோ, அவருடைய குழு முதலில் தற்காப்பைத்தான் சரிசெய்துகொண்டது. சில ஆட்டங்கள் சலிப்பூட்டின என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் 2005 ஜனவரியில் இந்தோனீசியாவை ஜகார்த்தாவில் 3-1, பின்னர் நம் கல்லாங் அரங்கில் 2-1 என வென்று, தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கிண்ணத்தைக் கைப்பற்றிய இரவில், நிரம்பி வழிந்த அரங்கில் யாரும் சலிப்பைப் பற்றிப் பேசவில்லை. 2007லும் தாய்லாந்தை வென்று கிண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டோம்.

நான் சொல்ல வருவது அதற்குப் பிந்திய கதை. 2008 அரையிறுதியில் வியட்னாமிடம் தோற்றோம்; 2010ல் குழுச்சுற்றைக்கூடத் தாண்டவில்லை. அந்நிலையிலும் அவர் பொறுப்பில் நீடித்தார். 2012ல் நம் ஜாலான் புசார் அரங்கில் தாய்லாந்தை 3-1 என வென்று, பாங்காக்கில் 0-1 எனத் தோற்றும் மொத்தக் கோல் கணக்கில் முந்தி, நான்காவது முறையாகக் கிண்ணத்தை வாங்கினோம். அந்த நான்கில் மூன்று அவர் காலத்தவை.

பாசல் குழுவுக்காகச் சுவிட்சர்லாந்து வரை சென்று ஆடிய நம் வி. சுந்தரமூர்த்தி, மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூரின் லயன்ஸ் XII குழுவுக்கு 2013 மலேசிய சூப்பர் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர். 2016ல் தேசியக் குழுவின் பொறுப்பை ஏற்ற அவர், 2018ல் விலகிவிட்டார். அவர் காலத்து முடிவுகள் மோசம்தான். டைகர் கிண்ணத்தின் பின்னாளைய பெயரான சுசுகி கிண்ணப் போட்டியில், 2016ல் ஓர் ஆட்டத்தில்கூட நாம் வெல்லவில்லை. ஆயினும் வெளிநாட்டவருக்குக் கிட்டிய ஒன்பது ஆண்டுகளில் கால்பங்குகூட உள்ளூர்க்காரருக்குக் கிட்டாதது என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே, அடுத்த முறை எவரை நியமித்தாலும், அவர் எங்கிருந்து வந்தவராயினும், ஒப்பந்தக் காலத்தையும் அதற்குள் எட்ட வேண்டிய இலக்கையும் காற்பந்துச் சங்கம் முன்கூட்டியே பொதுவில் அறிவிக்குமாறு உங்கள் இதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தோ பாயோ