கூழ் ஊற்றும் நாளில் அரை மணி நேரம் தாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் வட்டாரக் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் மாதர் குழுக்களுக்கும் வணக்கம். பிரசவத்தையொட்டித் தாய்க்கு வரும் மனச்சோர்வு நோயைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் பத்தியச் சாப்பாடு உண்டு, எண்ணெய்க் குளியல் உண்டு, பக்கத்திலேயே இருக்க ஆயா உண்டு. அவள் அழுதால் மட்டும் கண்ணேறு என்று சுற்றிப்போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பிரசவமான மூன்று நான்கு நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதையும் தாண்டி நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லையென்றால், மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். கர்ப்பத்திலேயே தொடங்குவதும் உண்டு. கேப்டவுனை அடுத்த கயலிட்ஷாவில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், பிரசவமாகி இரண்டு மாதமான தாய்மாரில் மூன்றில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. நம் தெருக்களில் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. நோய் லேசாக இருந்தால் பயிற்சி பெற்ற ஆலோசகருடன் வாராவாரம் பேசுவதே பலருக்குப் போதும். கடுமையானால் மாத்திரை தேவை. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் எழுதித் தரும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை பாலில் மிகச் சிறிதளவே கலக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். 'பாலில் விஷம்' என்று மாமியார் மாத்திரையைத் தூக்கி எறிந்த வீடுகளை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அந்தப் பெண்கள் பட்ட பாடு இன்றும் என்னை வாட்டுகிறது. ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர் கர்ப்பமானதும் பயந்துபோய்த் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வருகிறது என்றாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு 1994 முதல் சிகிச்சை இலவசம். பணத்தைவிட வெட்கமே நம் பெண்களைத் தடுக்கிறது. அதை உடைக்கக் கோயிலால் முடியும். மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதும் மாத்திரை சாப்பிடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று குருக்கள் ஒரு வார்த்தை சொன்னால், நான் சொல்வதைவிட நூறு மடங்கு எடுபடும்.

ஆகவே ஆடிக் கூழ் ஊற்றும் நாளில், பந்திக்கு முன் அரை மணி நேரம் கிளினிக் நர்ஸ் ஒருவரைப் பேச விடுங்கள். மாமியார்களும் கணவன்மாரும் அவசியம் உட்கார வேண்டும். மாதர் குழுவினர் வளைகாப்பிலும் பிள்ளை பார்க்கப் போகும்போதும் தனியாக இரண்டு கேள்வி கேட்கட்டும்: கடந்த ஒரு மாதமாக மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருக்கிறாயா? எதிலும் ஈடுபாடோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருக்கிறாயா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதை எடுத்து, நர்ஸை அழைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவச்சி, சாட்ஸ்வர்த்